ஏஞ்சல் மேல் வந்த அம்மன்

ஓரிக்கைப் பாலாற்று மணலில் ஏஞ்சல் மேல் கங்கையம்மன் வந்துவிட்டாள் என்ற செய்தி, அந்த ஆடி ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றி முடிப்பதற்குள் பெரிய காஞ்சிபுரம் வந்து சேர்ந்துவிட்டது. பஸ் ஏறி வந்திருந்தால்கூட இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. மஞ்சள் உடுத்தி, தலையை விரித்துப் போட்டு, சொட்டச் சொட்ட நனைந்து ஆடினாளாம். தண்ணீர் கேட்டாளாம். “இந்தப் பொண்ணு ஊரை வுட்டுப் போவக் கூடாது, போனா கால ஒடிப்பேன்” என்று ஆண் குரலில் சொன்னாளாம். டீக்கடைக்கு வந்தபோது கதை இன்னும் கொஞ்சம் வளர்ந்து, எரிகிற கற்பூரத்தை முழுங்கினாள் என்று ஆகியிருந்தது.

“அது சர்ச்சுக்குப் போற பொண்ணாச்சேபா?” என்று ஒருவர் இழுத்தார்.

“அம்மன் என்னா, சாதி சர்டிபிகேட் பாத்துட்டா வருவா?” என்று இன்னொருவர் அவர் வாயை அடைத்தார்.

நடந்தது வேறு. அதில் ஆண் குரலும் இல்லை, கற்பூரம் தின்றதும் இல்லை. சுவை கொஞ்சம் கம்மிதான். ஆனால் நடந்தது அதுதான்.

ஏஞ்சல் பட்டுக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்தாள், அன்றிலிருந்து நிற்கிறாள். கடையில் உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்கூட உண்டு. அதன் மேல் எப்போதும் யாராவது கஸ்டமருடைய பை உட்கார்ந்திருக்கும். காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி இருக்கும். சுவரைப் பிடித்து நாலு அடி நடந்த பிறகுதான் அவளால் மனுஷியாக முடியும்.

அதிலிருந்து தப்பிக்க அவளுக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. காட்டிலாகா வேலைக்குப் பரீட்சை எழுதினாள், தேறியும் விட்டாள். பாக்கி இருந்தது நடைத் தேர்வு. நாலு மணி நேரத்துக்குள் பதினாறு கிலோமீட்டர். வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. இதை விட்டால் கிடையாது.

“காட்டுல புலி வந்தா இன்னாடி பண்ணுவ?” என்றாள் கூட வேலை செய்யும் மஹாலட்சுமி.

“சூப்பர்வைசருக்குப் புலி எவ்வளவோ தேவலாம்மா. ஒரு வாட்டிதான் கடிக்கும்.”

தேர்வுக்குப் பயிற்சி கொடுத்தவர் சிவராஜ். மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டு, தான் பைக்கில் சாய்ந்துகொண்டு விசில் ஊதுவார். சேர்ந்தவர்களுக்கெல்லாம் மஞ்சள் பனியன் ஒன்று தருவார். தினமும் விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவு பண்ணி அனுப்பிவிடுவார்: “பாசிட்டிவா இரு. நெகட்டிவ் ஆளுங்ககிட்ட பேசாத.” குதிகால் விஷயத்தை ஏஞ்சல் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“வலி கால்ல இல்லம்மா, மைண்டுல இருக்குது. என்னால முடியும்னு வாய் விட்டுச் சொல்லிக்கினே ஓடு, தன்னால அடங்கிடும். ஆத்து மணல்ல ஒரு நீள ஓட்டம் ஓடிட்டா, தார் ரோட்டுல பறப்ப.”

அவளுக்கு முழு நம்பிக்கை என்று சொல்ல முடியாது. ஆனால் ‘முடியும்’ என்ற வார்த்தையை அதுவரை வேறு யாரும் அவளிடம் சொன்னதில்லை. அதனால் பிடித்துக்கொண்டாள்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்தது அந்த ஞாயிறு. மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டு, ஓரிக்கை மணிமண்டபம் தாண்டி ஆற்றில் இறங்கினாள். ஆறு என்றால் தண்ணீர் அல்ல. மணல், வேலிகாத்தான் முள், ஆடு போன தடம், மண் அள்ளிய பள்ளங்கள். முதலில் நன்றாகத்தான் போனது. “என்னால முடியும்” என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். காற்றுகூடக் கூட ஓடி வருவது போல இருந்தது. காக்கி உடுப்பில் தன்னை ஒரு தடவை மனசுக்குள் பார்த்தாள். ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள், யாரும் எழுப்பவில்லை.

பாதி தூரத்தில் ஆணி திரும்ப வந்தது. நின்றிருக்கலாம். நின்றால் அது நெகட்டிவ். இன்னும் சத்தமாகச் சொல்லி, இன்னும் வேகமாக ஓடினாள். ஒரு பள்ளத்தைத் தாண்டிக் கால் ஊன்றினபோது, தறியில் பாவு இழை அறுகிற மாதிரி உள்ளே ஏதோ பட்டென்று அறுந்தது.

ஒற்றைக் காலில் நின்றாள். தலைமுடி ரப்பர் எங்கோ விழுந்துவிட்டிருந்தது. கண் இருட்டிக்கொண்டு வர, பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். விழாமலிருக்க முன்னும் பின்னும் ஆடினாள். வாய் மட்டும் பழக்கத்தில் “முடியும், முடியும்” என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கரைமேல் கங்கையம்மனுக்குக் கூழ்ப்பானையும் மஞ்சள் தண்ணீர்க் குடமுமாகப் பக்கத்துத் தெரு தில்லையம்மாளும் அவள் தெருப் பெண்களும் வந்தார்கள். ஆடி மாதம், மஞ்சள் துணி, விரிந்த தலை, ஈரம், ஆட்டம், முணுமுணுப்பு. இதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும்? குலவை கிளம்பியது.

“யாரும்மா வந்துக்கீற?” என்று தில்லையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நான்தாங்க்கா, ஏஞ்சலு. தண்ணி குடுங்க.”

“ஆத்தா தண்ணி கேக்கறாடி!”

மஞ்சள் தண்ணீர் ஒரு குடம் முழுசாக அவள் தலைமேல் விழுந்தது. வாயில் ஒரு மடக்குப் போகவில்லை, கண்ணில்தான் எரிந்தது. ஏஞ்சல் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ, போச்சுக்கா. எல்லாம் போச்சு.”

“கோச்சுக்காத ஆத்தா! இன்னா கொற வெச்சோம், சொல்லு!”

“ஒரு ஆட்டோ கூப்புடுங்கக்கா.”

குலவை நின்றது. “ஆத்தா ஆட்டோ கேக்குமா?” என்றாள் ஒருத்தி மெதுவாக.

“இந்தக் காலத்து ஆத்தா, கேக்கும். போய் இட்டுனு வா” என்றாள் தில்லையம்மாள்.

ஆட்டோவில் இரண்டு பக்கமும் வேப்பிலையால் விசிறிக்கொண்டே வந்தார்கள். ஏஞ்சல் வழி நெடுக அழுதாள். அவர்கள் அதையும் பக்தியோடு பார்த்துக்கொண்டார்கள்.

பாதத்து நார் கிழிந்திருக்கிறது, இரண்டு மாதம் ஓடவே கூடாது என்றார் டாக்டர். கட்டுப் போட்ட காலோடு தேர்வுக்குப் போனாள். எல்லோரும் அவளைத் தாண்டிப் போனார்கள். முதுகுகள் சின்னதாகி, ரோடு மட்டும் மிஞ்சியது. அவள் நொண்டுவதைப் பார்த்து ஒரு அதிகாரி நாற்காலி கொண்டுவந்து போட்டு, “உக்காரும்மா” என்றார். இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. உட்கார்ந்தால் முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

சிவராஜ் அன்றைக்கும் பேசி அனுப்பினார்: “இது தோல்வி இல்லம்மா, எக்ஸ்பீரியன்ஸ். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.” அவளுடைய வயதை அவர் மறந்திருந்தார். அவள் பதில் போடவில்லை.

திரும்பவும் கடை. அம்மன் வந்த பெண் இங்கேதான் இருக்கிறாள் என்று தெரிந்து நாலு பேர் கூடுதலாக வர ஆரம்பித்தார்கள். சூப்பர்வைசருக்கு ஏகக் குஷி. “நீ வாசல் பக்கமே நில்லும்மா, வர்றவங்க கண்ணுல படட்டும்” என்றார். அங்கே கல்லா இல்லை, சாய்ந்துகொள்ள மேசையும் இல்லை. நின்றாள்.

ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில் தில்லையம்மாள் வந்தாள். கையில் எலுமிச்சம்பழம், பின்னால் உறவுக்காரர்கள் ஒரு வேன் நிறைய. கடை நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

“ஆத்தா, என் புள்ள பரசுராமனுக்கு வந்தவாசியில பொண்ணு பாத்துக்கீறோம். எடுக்கலாமா வேணாமான்னு உன் வாயால ஒரு வார்த்த சொல்லு. அன்னிக்கு இந்தப் பொண்ண ஊரை வுட்டுப் போவ வேணாம்னு சொன்னியே, அந்த மாதிரி.”

புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். சூப்பர்வைசர்கூடக் கையைக் கட்டிக்கொண்டார். ஏஞ்சல் நல்ல காலில் பாரத்தை மாற்றினாள்.

“அக்கா, எம்மேல எந்த ஆத்தாளும் வரல. வந்திருந்தா கால காப்பாத்தியிருப்பா. போவ வேணாம்னு எவளும் சொல்லல. நான் போவணும்னுதான் ஓடுனேன். குதிகால் கிழிஞ்சிச்சி, வேல போச்சி, அதுக்கு அழுதேன். அன்னிக்கு நான் கேட்டது குடிக்கத் தண்ணி. அதக்கூட நீங்க குடுக்கல.”