கோடு விழாத தாபோன்

திவினா அப்ரிகோவுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள், புயலில் ஒரு ஊரையே காப்பாற்றினாளாம். கைதட்டல் வேறு! நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பதினோரு வருஷமாக நகராட்சியில் அவளுக்குப் பக்கத்து மேஜை நான். நடந்ததை நான் சொல்கிறேன்.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவள் அவள். இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து தானாகவே கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். எங்கள் சான் வெனான்சியோவின் வெள்ள அபாயப் படத்தை வரைவது அவள் எழுதிய நிரல்தான். ஆபத்தான ஊர்களுக்குள் சாய்வுக் கோடுகள் விழும். வண்ணம் இங்கே உதவாது. ஊர்த் தலைவர்கள் படத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கடைக் கதவில் ஒட்டுவார்கள், அதில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்தான். நிரல் காகிதம் முழுக்கச் சாய்வாகக் கோடு இழுத்துக்கொண்டே போகும். ஊர் எல்லைக்குள் விழுகிற துண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி எறிந்துவிடும். கோட்டுக்கும் கோட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்பது ஒரே ஒரு எண். அவள் வைத்திருந்தது நான்கு.

பிரிவுத் தலைவர் புளோரான்டேவுக்கு அது பிடிக்கவில்லை. படத்தைப் பார்க்க ஆளுநர் வரப்போகிறார் என்றதும் மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்னம்மா இது, ஜெயில் கம்பி மாதிரி? ஊர்ப் பேரே தெரியல. பன்னண்டு வை, பளிச்சுனு இருக்கும்."

"ஒருதடவை ஒவ்வொரு ஊரா பாத்துட்டு மாத்தறேன் சார்."

"ஒரு நம்பர மாத்த இவ்வளவு யோசனையா? வாம்மா, நூடுல்ஸ் ஆறிப்போகுது."

அன்று அவருக்குப் பிறந்தநாள். பிறந்தநாள்காரர் தன் கையால் தட்டை நீட்டும்போது எங்கள் அலுவலகத்தில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அது ஒரு மரியாதையாம், மண்ணாங்கட்டி! திவினா எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். அவள் மேலும் எனக்குக் கோபம்தான். நானும் அதே நூடுல்ஸைத்தான் தின்றேன், என் மேலும் கோபம்தான்.

மூன்று வாரத்தில் புயல். விடிந்ததும் லாரிக்காரர்கள் படத்தைப் பார்த்து, கோடு விழுந்த ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றிவரக் கிளம்பினார்கள். லாரி போகிற ஊர்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த திவினா சட்டென்று எழுந்து என் பக்கம் திரும்பினாள்.

"நெனிட்டா, தாபோன் எங்கடி?"

ஆற்று முனையில் பதினாலே வீடு, அதுதான் தாபோன். படத்தில் கடுகளவு. இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஊர் முழுசாக மாட்டிக்கொண்டது. உள்ளே ஒரு கோடுகூட இல்லை, சுத்த வெள்ளை.

"சார், தாபோனுக்கு லாரி வேணும்!"

"படத்துல கோடு இல்லயேம்மா."

அடப்பாவி! திவினா மேஜையில் ஓங்கி அறைந்தாள். "அது இல்லாமப் போனதுக்கு நீங்களும் நானும்தான் காரணம். சாவியக் குடுங்க!"

குப்பை லாரி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அவளே ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் சொன்னேன்.

தாபோனில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட மூட்டை கட்டவில்லை. ஊர்த் தலைவர் இசிட்ரோ கடைக் கதவில் இருந்த ஜெராக்ஸைத் தட்டிக் காட்டினார்.

"இதோ பாரு, நகராட்சி முத்திரை. எங்க ஊருக்குக் கோடே இல்ல. போன வருஷம் சும்மாவே பள்ளிக்கூடத் தரையில நாலு நாள் படுத்தோம், பன்னி எல்லாம் திருட்டுப்போச்சு. படிச்சவங்க போட்ட படம்மா இது. குப்பை லாரி ஓட்டுறவ வந்து மாத்திச் சொல்றியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆறு படித்துறையைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. திவினா படத்தைக் கதவிலிருந்து கிழித்தாள். இசிட்ரோ கையை ஓங்கிவிட்டார்.

"வரைஞ்சதே நான்தான்யா!" என்று கத்தினாள். "தப்பா வரைஞ்சுட்டேன். உங்க ஊரையே விட்டுட்டேன். அடிக்கணும்னா லாரில ஏறி அடி!"

சிரிப்பு நின்றது. ஏறினார்கள். பள்ளிக்கூடம் வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே வந்தார்கள், இறங்கும்போது ஒருத்தி அவள் காலடியில் காறித் துப்பினாள். மதியத்துக்குள் தாபோனில் கூரைகள் மட்டும்தான் தெரிந்தன. அதற்குப் பிறகும் அவளுக்கு ஒருத்தரும் நன்றி சொல்லவில்லை.

ஏன் சொல்ல வேண்டும்?