நான் எழுதிய ‘இல்லை’யும் அக்காவின் பதினான்கு ஆண்டுகளும்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு அக்காவின் வீட்டில் எழுந்தேன். இரவு பெய்த மழை நின்றிருந்தது. 5.30க்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. ஒன்பது குடம் பிடித்தேன். 6.15க்கு வெந்நீர் வைத்துத் தம்பி ரவியைக் குளிப்பாட்டினேன். சட்டை மாற்றித் தலை வாரினேன். 7.00க்கு இட்லி. தட்டில் நான்கு வைத்து ஊட்டினேன். ஒன்றரை உள்ளே போனது. பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அக்டோபர் 20ஆம் தேதி அக்கா மறைந்தது முதல் அன்றுவரை இருபத்து நான்கு நாட்களும் இப்படித்தான் சாப்பிட்டான். அவன் எடை நான்கு கிலோ குறைந்திருந்தது. அக்காவை நினைத்து ஏங்குகிறான், போகப் போகச் சரியாகும் என்று மருத்துவர் சொன்னார். நானும் அப்படியே நம்பினேன்.

இது அக்காவின் நினைவு மலர் என்பது எனக்கு மறக்கவில்லை. முப்பதாம் நாளுக்கு ஒரு சிறு புத்தகம் போடலாம் என்று உறவினர்கள் சொன்னபோது, என் நாட்குறிப்பைப் பார்த்து வரிசையாக எழுதிவிடலாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன். அக்கா பிறந்தது முதல் அக்டோபர் இருபதாம் தேதிவரை எல்லாமே என்னிடம் தேதியோடு இருக்கிறது. ஆனால் 12ஆம் தேதிக்குப் பிறகு அந்தத் தேதிகளை வைத்துக்கொண்டு அக்காவைப் பற்றி என்ன எழுதுவது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததையும் சேர்த்தே எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா 1966ஆம் ஆண்டு நைனார்பாளையத்தில் பிறந்தார். அப்பா குத்தகைக்குக் கரும்பும் மரவள்ளியும் வைத்தவர். மூன்று பிள்ளைகளில் அக்கா மூத்தவர். ஆறு ஆண்டுகள் கழித்து நான். எனக்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து ரவி. பிரசவத்தில் நேரமாகிவிட்டதால் ரவிக்கு மூளையில் பாதிப்பு. நடக்கும்போது இடது கால் இழுக்கும். பத்துப் பன்னிரண்டு சொற்கள் பேசுவான். அக்கா என்னைப் ‘பெரியவன்’ என்றும் அவனைச் ‘சின்னவன்’ என்றும் கூப்பிடுவார். இன்று பெரியவனுக்கு ஐம்பத்திரண்டு வயது, சின்னவனுக்கு நாற்பத்தொன்று.

பத்தாம் வகுப்பு முடித்த அக்கா 1990இல் கல்வராயன் மலையில் அங்கன்வாடிப் பணியாளராகச் சேர்ந்தார். பதினாறு ஆண்டுகள் மலையிலேயே தங்கி வேலை செய்தார். 2006இல் அம்மா காலமானதும் கீழே மாறுதல் வாங்கிக்கொண்டு, கச்சிராயபாளையத்தில் வீடு பார்த்து, ரவியைத் தன்னோடு வைத்துக்கொண்டார். திருமணப் பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் மாப்பிள்ளை வீட்டாரிடம் ரவியைப் பற்றித்தான் முதலில் பேசினார். அதற்கு மேல் பேச்சு போகவில்லை.

மலையில் கை கால் வராத பிள்ளைகளுக்கும் புத்தி வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கும் அடையாள அட்டையும் அரசின் பராமரிப்பு உதவியும் வாங்கித் தந்ததில் அக்காவின் உழைப்பு பெரியது. கீழே வந்த பிறகும் விடுமுறை நாட்களில் மேலே போவார். எந்தச் சான்றுக்கு யாரைப் பார்ப்பது, முகாமுக்கு எத்தனை புகைப்படம், சக்கர நாற்காலிக்கு எந்த மாதம் மனுக் கொடுப்பது, பஸ் பாஸில் துணைக்கு வருபவரின் பெயரைச் சேர்ப்பது எப்படி, எல்லாம் அவருக்கு மனப்பாடம். ரவியின் காகிதங்கள் ஒரு நீலத் துணிப்பையில் இருக்கும். ஒன்றுகூட மடங்கியிருக்காது.

அந்தக் காகிதங்களில் எழுத்து மட்டும் என்னுடையது. நான் சின்னசேலத்தில் பள்ளி ஆய்வக உதவியாளர். பாட்டில்களில் சீட்டு எழுதி ஒட்டுவது என் வேலை. எழுத்து தெளிவாக இருக்கும் என்று படிவங்களை என்னிடமே கொடுப்பார். 2010இல், கள்ளக்குறிச்சி இன்னும் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தபோது, மருத்துவ முகாமுக்கான படிவத்தை நான் நிரப்பினேன். ‘தானாக உணவு உண்பாரா?’ என்று ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று எழுதினேன். அன்றைக்கு அது உண்மை. கடும் பாதிப்பு என்று சான்று கிடைத்தது, உதவியும் வந்தது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அக்கா ஒரு விவரத் தாளை என்னிடம் எழுதி வாங்குவார். முந்தின ஆண்டுத் தாளைப் பார்த்து நான் அப்படியே எழுதுவேன். பதினான்கு முறை ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறேன்.

2017இல் ஒருமுறை, நான் எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார்.

“பெரியவனே, இதுல ஒரு தடவ எழுதனத மாத்துனா இன்னா ஆவும்?”

“மறுபடியும் டாக்டருங்ககிட்ட காட்டணும், மறுபடியும் விழுப்புரத்துக்கு அலையணும். ஏன், மாத்தறதுக்கு இன்னா இருக்குது?”

“ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டேன்.”

என் நாட்குறிப்பில் அன்று, ‘படிவம் பற்றி அக்காவுக்கு ஒரு சந்தேகம். விளக்கினேன்’ என்று இருக்கிறது.

வீட்டுக்கு வந்துபோன நீங்கள் எல்லோரும் அக்கா ரவிக்கு ஊட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மடியில் துண்டு விரித்து, சோற்றைச் சிறிய உருண்டையாக உருட்டி, அவன் மென்று முடிக்கும்வரை காத்திருப்பார். பெற்ற தாய்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அக்கா அடுத்த உருண்டையை உருட்டுவார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மலையிலிருந்து ஒரு வேனில் ஆட்கள் வந்தார்கள். அதில் ஓர் அம்மா தன் பதினைந்து வயது மகனைக் காட்டி என்னிடம் சொன்னார்.

“இவங்கையில சோத்த குடுத்ததே டீச்சரம்மாதாங்க. சிந்துனா சிந்தட்டும், மூஞ்சில பூசிக்கினா பூசிக்கட்டும், நீ நடுவுல வராதன்னு என்னைய திட்னாங்க. இப்ப அவனே துன்றான்.”

எனக்குக் குழப்பமாக இருந்தது. ஊரார் பிள்ளைக்கு இப்படிச் சொன்னவர் தன் வீட்டில் ஏன் ஊட்டிக்கொண்டிருந்தார்? அன்றைய குறிப்பில் இதை ஒரு கேள்வியாக எழுதி, பதிலுக்கு நான்கு வரி விட்டுவைத்தேன்.

நீலப்பையைப் பிரித்தபோது இன்னொன்று கிடைத்தது. அக்காவுக்குப் பிறகு ரவிக்கு யார் பாதுகாவலர் என்று மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு முடிவு செய்யும். அதற்கான விண்ணப்பத்தை அக்காவே தன் கைப்பட நிரப்பி வைத்திருந்தார். பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயர். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உணவு பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதாமல் விட்டிருந்தார். மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் விவரம் சொன்னேன். நேரில் பார்த்து விண்ணப்பத்தை முடித்துக்கொடுக்க ஒரு கள அலுவலரை அனுப்புவதாகச் சொன்னார்கள்.

அவர் 12ஆம் தேதி காலை 11.50க்கு வந்தார். முப்பது வயது இருக்கும். ரவியோடு கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார். அப்புறம் விண்ணப்பத்தை விரித்துக்கொண்டு, “இந்த ஒண்ணுதான் பாக்கி சார். தானா சாப்புடுவாரா?” என்று கேட்டார்.

“இல்லை. 2010லேருந்தே இல்லை.”

அப்போது பக்கத்து வீட்டுச் சரோஜா ரசம்சாதப் பாத்திரத்தோடு உள்ளே வந்தார். அக்காவை அடக்கம் செய்த மறுநாளே மூத்த மகளின் பிரசவத்துக்காகச் சேலத்துக்குப் போனவர், முந்தின நாள் மாலைதான் திரும்பியிருந்தார்.

“யாரு, ரவியா? அது நல்லா சாப்புடுமேண்ணா,” என்றார். பிறகு ரவியின் கன்னத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா இப்பிடி இளைச்சிப் போயிக்கீது? ஊட்டறீங்களா நீங்க?”

“வேற எப்பிடி?”

“கதவ சாத்திட்டு வெளிய வந்துடணும். அவ்ளோதான். ஆளு நின்னா அது தட்டத் தொடாது. அக்கா எங்கூட வாசப்படில குந்திக்கினு கத பேசிக்கினு இருக்கும். கால் மணி நேரம். உள்ள போனா தட்டு காலி.”

“எத்தன நாளா?”

“நாளா? எங்க சின்னவ அப்ப மூணாங்கிளாஸு. இப்ப காலேஜே முடிச்சிட்டா.”

“எங்கிட்ட ஏம்மா யாரும் சொல்லல?”

சரோஜா கள அலுவலரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அக்கா சத்தியம் வாங்கிக்கிச்சுண்ணா. பெரியவன்கிட்ட சொல்லாத, சொன்னா நோட்டுல எழுதிடுவான், எழுதிட்டான்னா மறுநாளே ஆபீசுல போயி நிப்பான்னு சொல்லுச்சு.”

கள அலுவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நிப்பீங்களா சார்?” என்றார்.

“நிப்பேன்,” என்றேன். அதுதான் உண்மை.

தட்டில் ரசம்சாதமும் அப்பளமும் வைத்து ரவியின் முன்னால் வைத்தோம். கதவைச் சாத்திவிட்டு மூவரும் வாசப்படியில் உட்கார்ந்தோம். அப்போது மணி 12.42. சரோஜா பேரன் பிறந்த கதையைச் சொன்னார். அது என் காதில் ஏறவில்லை. உள்ளே தட்டு தரையில் நகரும் சத்தம் கேட்டது. அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது. 12.59க்குக் கதவைத் திறந்தேன். தட்டில் கறிவேப்பிலை மட்டும் இருந்தது. சட்டையிலும் தரையிலும் பருக்கைகள். ரவி வலது கை விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

இதை எழுதும்போதும் அந்தக் கை எனக்கு விளங்கவில்லை. மறைக்கச் சொல்லி அக்கா பழக்கினாரா? அல்லது யார் வந்தாலும் அக்கா ஊட்டத் தொடங்குவதைப் பார்த்துப் பார்த்து அவனாகவே கற்றுக்கொண்டானா? சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். மூடிவைத்தவரும் அவர்தான். உதவி நின்றுபோகும் என்று பயந்தாரா? என் எழுத்தில் இருந்த ‘இல்லை’யைப் பொய்யாக்க மனம் வரவில்லையா? 2017இல் அவர் கேட்டபோது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஏன் கேட்கிறாய் என்று இன்னொரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? எனக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றுகிறது. யார்மீது என்று தெரியவில்லை.

கள அலுவலரிடம், “ஆம்னு எழுதுனா உதவி நின்னுடுமா?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியாது சார். தெரியாதத சொல்லக்கூடாது. திரும்ப டாக்டருங்க பாக்கட்டும்னு சொன்னாலும் சொல்லுவாங்க. சாப்புடறத மட்டும் வெச்சி முடிவு பண்ணமாட்டாங்கன்னு நெனைக்கறேன்.”

“இல்லைனு எழுதுனா?”

“எழுதலாம். அப்பறம் யாரு வந்து பாத்தாலும் நீங்க ஊட்டிக்கினே இருக்கணும்.”

வெள்ளிக்கிழமைக்குள் யோசித்துக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லி விண்ணப்பத்தை வைத்துவிட்டுப் போனார்.

மாலை 4.30க்கு அக்கா விட்டுவைத்திருந்த இடத்தில் ‘ஆம்’ என்று எழுதினேன். கீழே இப்படிச் சேர்த்தேன்: ‘யாரும் பார்க்காதபோது மட்டும். குளிக்க, உடுத்த, கழிவறை செல்ல, மருந்து உட்கொள்ள முழு உதவி தேவை.’ இதனால் ரவிக்கு நன்மை வருமா, கெடுதல் வருமா என்று இன்றைக்குச் சொல்ல முடியவில்லை. உதவி குறைந்தால் அதற்கு நான்தான் பொறுப்பு. அவன் இனி என்னோடும் என் மனைவியோடும் இருப்பான். அதில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை.

இதைப் படிக்கும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். முப்பதாம் நாள் பந்தியில் ரவிக்கும் உங்கள் வரிசையில் ஓர் இலை போடப்படும். அன்பின் காரணமாக யாரும் அவனுக்கு ஊட்ட வேண்டாம். அவன் இலையைப் பார்க்கவும் வேண்டாம். உங்கள் இலையைப் பார்த்துச் சாப்பிடுங்கள். அக்காவைப் பற்றி யாராவது குறையாகப் பேச நினைத்தால், இந்தப் பதினான்கு ஆண்டுகளில் அவரைத் தவிர ரவியின் கையில் சோற்றைக் கொடுத்தவர் நம்மில் ஒருவரும் இல்லை என்பதை எண்ணிப் பார்க்கவும்.

அக்காவுக்கு நெஞ்சுவலி வந்த இருபதாம் தேதி காலையில் தன் காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்த எதிர்வீட்டுக்காரருக்கும், கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் கடைசிவரை முயன்ற மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், அடக்கம் முடியும்வரை ரவியின் பக்கத்தைவிட்டு நகராத அங்கன்வாடித் தோழிகளுக்கும், மழையில் மலையிறங்கி வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சத்தியத்தை இத்தனை ஆண்டுகள் காத்து, சரியான நேரத்தில் அதை மீறிய சரோஜாவுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

நவம்பர் 13, புதன்கிழமை. காலை 6.50. முதல் வேலையாக இரண்டு தட்டில் இட்லி வைத்தேன். ஒன்றை ரவியின் முன்னால் வைத்தேன். கதவைச் சாத்தவில்லை. அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து என் தட்டைச் சாப்பிட ஆரம்பித்தேன். நான் இரண்டு இட்லி முடிக்கும்வரை பின்னால் சத்தமே இல்லை. மூன்றாவதைப் பிட்டபோது, “சட்னி,” என்றான். திரும்பிப் பார்க்காமல் கிண்ணத்தைப் பின்னால் நகர்த்திவைத்தேன்.