மில்லுப் பேச்சில் பிறந்த பிள்ளை

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு நூல் மில்லில் முப்பது வருஷம் நூல் ஓட்டினேன். கால் வீங்கத் தொடங்கிய பிறகு கேண்டீனுக்கு மாற்றிவிட்டார்கள். ஆள் முன்னால் பேச எனக்கு வராது. கடைக்குப் போனாலும் வேண்டியதைச் சீட்டில் எழுதி நீட்டிவிடுவேன்.

மில்லுப் பேச்சில் மட்டும் எனக்குக் கூச்சம் கிடையாது. வடக்கிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு தானாக உண்டான பேச்சு அது. ஒடிசாக்காரர்கள், ஜார்க்கண்டுக்காரர்கள், எங்கள் ஊர்த் தெலுங்கு வீட்டுப் பெண்கள், நாங்கள் என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டது. "நூல் கட், மெஷின் பந்த், மேஸ்திரி குஸ்ஸா" என்றால் நூல் அறுந்து, மெஷின் நின்று, மேஸ்திரி கோபமாக வருகிறார் என்று எல்லாருக்கும் புரியும். அந்தப் பேச்சில் தப்புக் கண்டுபிடிக்க யாரும் கிடையாது. அதனாலேயே எனக்குத் தைரியம் வந்தது.

"ஏட்டி, கல்யாணத்தன்னைக்குக்கூட நீ வாயத் தொறக்கலியாம். வடக்கத்திப் பிள்ளையளக் கண்டா மட்டும் எங்கருந்து வருது இம்புட்டுப் பேச்சு?" என்பாள் என்னோடு காய் நறுக்குகிறவள்.

காம்பவுண்டுக்குள்ளேயே, கம்ப்ரசர் ஓடும் சுவரை ஒட்டிய லைன் வீட்டில் ஒடிசாப் பெண் ஒருத்தி இருந்தாள். புருஷன் ஜார்க்கண்டுக்காரன். அவன் வீட்டுப் பேச்சு இவளுக்குத் தெரியாது, இவளுடையது அவனுக்குத் தெரியாது. மில்லுப் பேச்சில் பழகி, மில்லுப் பேச்சிலேயே குடும்பம் நடத்தினார்கள். அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை. தாய் ஷிப்டுக்குப் போனால் பிள்ளை கேண்டீனில் என் காலடியில்தான் இருக்கும். கைக்குழந்தையிலிருந்து அப்படித்தான். எங்களுக்கு அந்தப் பேச்சில் சோற்றுக்கும் வேலைக்கும் சண்டைக்கும்தான் வார்த்தை உண்டு. அந்தப் பிள்ளை அதே வார்த்தைகளை வைத்துக் கனவு சொல்லும். பொய் சொல்லும். பூனை என்ன நினைக்கிறது என்று சொல்லும். சில நேரம் எனக்கே பிடிபடாது.

போன வருஷம் பிள்ளைக்கு ஐந்து வயதானதும் தாய் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கொண்டுபோனாள். திரும்பி வந்தவள் அழுதாள். பிள்ளை பேசவில்லை, டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி வாருங்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஊமை என்று எழுதினால் அதற்கென்று பள்ளிக்கூடம் வெளியூரில் இருக்கிறதாம், ஹாஸ்டலில் விட வேண்டுமாம்.

"மௌசி, பேட்டி தூர். நான் இங்க. நஹி மௌசி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் அங்கே, நான் இங்கே, வேண்டாம் சித்தி என்கிறாள்.

நான் சிரித்துவிட்டேன். இந்தப் பிள்ளையா பேசாது? வாய் ஓயாதே.

அந்தச் சமயத்தில்தான் பட்டணத்துக் காலேஜிலிருந்து ஒரு பெண் வந்தாள். உலகத்தில் எங்கெங்கே இப்படி ஒட்டுப்போட்ட பேச்சு இருக்கிறதோ அங்கெல்லாம் போய்ப் படிக்கிறவள். கப்பலில் ஆள் இறக்கிய தீவுகள், கரும்புக் காடு, துறைமுகம் என்று மேப்பில் புள்ளி புள்ளியாகக் காட்டினாள். எங்கள் மாதிரிப் பேச்சுக்குப் பிட்ஜின் என்று பேராம். அதைத் தாய்ப்பேச்சாகக் கேட்டுப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் அது வேறொன்றாக முளைத்துவிடுமாம். அப்போது அதன் பேர் கிரியோல்.

"முளைக்கிற நேரத்துல பக்கத்துல இருந்து கேட்டவங்க ரொம்பக் குறைவும்மா. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் போய்க் கேட்டிருக்காங்க" என்றாள்.

நான் பிள்ளையைக் காட்டினேன். அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பதிவு செய்து ஒரு பிரதி தருகிறேன், டாக்டரிடம் போட்டுக் காட்டுங்கள் என்றாள். தாய்க்கு உயிர் வந்தது.

மத்தியானம், கேண்டீனில், மில் இரைச்சலுக்கு நடுவே பதிவு நடந்தது. கனவில் என்ன வந்தது என்று, பதிவாகட்டும் என்பதற்காகச் சத்தமாகவே கேட்டேன். ஒரு ஆடு மெஷினுக்குள் நுழைந்து நூலாக வெளியே வந்ததைப் பிள்ளை நெடுநேரம் சொன்னது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் திரும்பி வந்தாள். முகம் சரியில்லை.

"மில்லுச் சத்தத்த கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டேன். கேளுங்கம்மா" என்று ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டாள்.

ஒரு கிழவியின் குரல் கேட்டது. என் குரல். "ம், பொறவு? ஆடு கஹான்?" என்று ஆடு எங்கே போனதென்று கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. எங்கோ ஒரு கரண்டி தட்டியது. "ஐயோ, மேஸ்திரி பாத்துட்டானா?" என்று அந்தக் கிழவி கேட்டாள். மறுபடியும் ஒன்றுமில்லை. பிறகு சிரித்தாள். கடைசி வரைக்கும் அப்படியே. ஆளில்லாத வீட்டில் ஒருத்தி யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பது போல.

"அவ குரல் உங்களுக்குக் கேட்டுச்சாம்மா?"

"கேட்டுது தாயி. சன்னமா, மூக்கால பேசுவா. இப்பமும் கேக்கு."

அந்தப் பெண் என் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். மில்லுக்குள்ளே எப்படிப் பேசிக்கொள்வீர்கள்?

எப்படிப் பேசுவோம்? அந்த இரைச்சலில் தொண்டையைத் திறந்து என்ன பயன்? உதட்டை அசைப்போம், எதிரில் நிற்கிறவள் பார்த்துக்கொள்வாள். வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து அது கேட்பதாகவே ஆகிவிடும். பிள்ளை எங்கள் உதட்டைப் பார்த்தே வளர்ந்தது.

அன்று சாயந்தரம் லைன் வீட்டுக்குப் போனேன். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. தாயும் தகப்பனும் பிள்ளையும் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். உருளைக்கிழங்கில் உப்பில்லை என்று அவன் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. வாசலில் நின்று கண்ணை மூடினேன். கம்ப்ரசர் மட்டும் இருந்தது. கண்ணைத் திறந்தேன். மூன்று குரலும் இருந்தன. மறுபடி மூடிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். தாய்க்குத் தமிழ் வராது. தகப்பனுக்கு லீவு இல்லை. பேசுவதற்கு நான்தான். அறையில் கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்டது. காதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, காது நன்றாக இருக்கிறது, பேசச் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. பிள்ளை என்னைப் பார்த்துப் பேசியது.

"சத்தமே வரலையே. இத வச்சு நான் என்ன எழுத?"

தாய் என் சேலை முந்தியைப் பிடித்து இழுத்தாள். இங்கே எழுதி நீட்ட என்னிடம் சீட்டு இல்லை. எப்படியோ சொல்லிவிட்டேன்.

"அவ பேசுதா டாக்டரம்மா. நீங்க என்னய வெளிய அனுப்பிட்டு அவட்ட எதையாவது காட்டுங்க. பொறவு நான் வந்து சொல்லுதேன்."

அப்படியே செய்தார். நான் உள்ளே வந்ததும் பிள்ளை உதட்டை அசைத்தது. "ஊசியில்லாத மருந்துக்குழாயக் காட்டினீகளாம். அதுல தண்ணி ஏத்திச் செடிக்கு ஊத்தினீகளாம். செடிக்கும் காய்ச்சலான்னு கேக்கா" என்றேன்.

டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிள்ளையின் கையை எடுத்து என் தொண்டையில் வைத்து, சத்தம் போட்டுப் பேசுங்கள் என்றார். மில்லுப் பேச்சிலேயே பேசினேன். பிள்ளை கையை வெடுக்கென்று எடுத்தது, மறுபடியும் வைத்தது. பிறகு தன் தொண்டையில் வைத்துக்கொண்டு முக்கியது. ரொம்ப நேரம் வெறும் காற்று. அப்புறம் வந்தது.

"மௌசி."

தடித்த குரல். அடிவயிற்றிலிருந்து, கரகரவென்று. தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஊமையில்லை, உள்ளூர்ப் பள்ளியிலேயே சேர்க்கலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தக் குரலை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பஸ்ஸில் பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து லாரி, மாடு, பனைமரம் எல்லாவற்றின்மேலும் அந்தப் புதுக் குரலைப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தது. அதன் உதட்டைப் பார்த்தால் எனக்கு இரண்டு குரல் கேட்டது. தடித்தது ஒன்று. அதற்குச் சற்றுப் பின்னால், சன்னமாக, மூக்கால் ஒன்று. வர வரப் பின்னால் வந்தது தேய்ந்தது.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ஒரு குரல்தான் இருந்தது. மூக்கால் பேசுகிறவள் எந்த இடத்தில் இறங்கினாள் என்று நான் கவனிக்கவில்லை.