காஸ் மட்டும் ஏன் முழுங்குது?

பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறியதும் என் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்குப் பரீட்சைத் தாள்களைத் திருத்த ஆரம்பித்தேன். பக்கத்து சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. சீருடைச் சட்டையில் சிமெண்டுத் தூசி, கையில் நீளக் குடை. பஸ் நிற்கும்போதெல்லாம் குடை நுனியால் தரையை ஒரு தட்டுத் தட்டுவார்.

"எல்லாத் தாள்லயும் ஒரே கணக்குக்குத் தப்புப் போடுறீங்களே டீச்சர், ஏன்?"

"கோணத்துக்கு மைனஸ் போட்டா சைனுக்கும் மைனஸ் வரும். காஸ் மட்டும் மைனஸை முழுங்கிடும்னு சொல்லிக் குடுத்தேன். பிள்ளைங்க மாத்தி எழுதி வெச்சிருக்குங்க."

"அது மட்டும் ஏன் முழுங்குது?"

பதினோரு வருஷமாக அப்படித்தான் சொல்லித் தருகிறேன். ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

"அது ரூலுங்க" என்றேன்.

"சரி, காஸ்னா என்னா?"

"ஒரு மீட்டர் கம்பைச் சாய்ச்சுப் பிடிச்சா, அதோட நுனி முன்னால எவ்வளவு தூரம் போயிருக்குங்கறது காஸ். எவ்வளவு உயரத்துல இருக்குங்கறது சைன்."

அவர் குடையை நேராக நீட்டினார். கொஞ்சம் மேலே தூக்கினார். பிறகு அதே அளவு கீழே இறக்கினார்.

"முன்னால போற தூரம் ரெண்டுக்கும் ஒண்ணுதானே டீச்சர்? உயரந்தான் மேலேருந்து கீழ போயிடுச்சு. இதுல யாரு எதை முழுங்குனா?"

தாள்களை மூடி வைத்துவிட்டேன்.

அரியலூரில் இறங்கியவர், ரெட்டிபாளையம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். மறுநாள் கொளுத்தும் வெயிலில் குடையோடு வகுப்புக்குப் போனேன். விடை தெரிந்துதான் என்னைக் கேட்டாரா, கேட்ட பிறகுதான் கண்டுபிடித்தாரா? அந்தக் கணக்கு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.