இரண்டாவது மேடு

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவளைத் ‘தூசியம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. கதவை யாராவது கொஞ்சம் வேகமாகத் திறந்தால் போதும், பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள். வேலை அப்படி. தண்ணீரில் மிதக்கும் நானோ துகள்களின் அளவைச் சொல்லும் கருவி ஒன்றை அவளும் தம்பியும் ஆறு வருடமாக உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியும் லேசரும் அவள் பாடு. கணக்குப் போடும் புரோகிராம் அவன் பாடு. தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. நாற்பது வயதுக்காரன், வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவன்.

கருவி செய்வது ஒன்றும் மாயமில்லை. விரல் நீளக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரை ஊற்றி லேசரை விட்டால் உள்ளே இருக்கும் துகள்கள் மினுக்கும். சின்னது துறுதுறுவென்று ஆடும், பெரியது ஆடி அசைந்து நகரும். மினுக்கும் வேகத்தை வைத்து அளவைச் சொல்லிவிடலாம். சோதனைக்கென்று வாங்கி வைத்த துகள்கள் எல்லாம் ஒரே அளவு, அறுபது நானோமீட்டர். ஆக, திரையில் ஓடும் வரைகோட்டில் ஒரே ஒரு மேடுதான் வர வேண்டும்.

மூன்று வாரமாக இரண்டு மேடு வந்தது. இருநூற்றைம்பதுக்குப் பக்கத்தில், கூப்பிடாமல் வந்த விருந்தாளியாக இன்னொன்று.

"குப்பியை என் கையால கழுவுறேன். ஒரு பொட்டுத் தூசி இருக்காது. உங்க புரோகிராம்தான் இல்லாததை இருக்குன்னு சொல்லுது," என்றாள் அவனிடம். மேலாளரிடமும் அதையே சொன்னாள். அவள் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு ஏது? வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வெளியிலிருந்து வேறு புரோகிராம் வாங்குவது, தம்பியை வேலையை விட்டு அனுப்புவது என்று மேலாளர் முடிவு செய்துவிட்டார். அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை.

வருடக்கணக்காகக் குப்பி கழுவிக் கழுவி அவள் விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மூன்று வாரமாகத் தினமும் காலையில் மகள்தான் கிரீம் தடவிவிட்டு அனுப்பினாள். பையிலும் ஒரு டியூபைப் போட்டு வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மகள் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில் இவளுக்குக் கிரீம் ஞாபகமே இல்லை.

வழக்கம்போலக் குப்பியைக் கழுவினாள். வழக்கம்போலக் கையுறையைக் கழற்றிவிட்டு, வாய் விளிம்பில் கீறல் இருக்கிறதா என்று வெறும் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள். கண்ணுக்குத் தப்புகிற கீறல் அவள் விரலுக்குத் தப்பாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

திரையில் ஒரே மேடு.

இன்னும் இரண்டு தடவை கழுவிப் பார்த்தாள். அதே ஒரே மேடு. புரோகிராமை யாரும் தொடவில்லை. அவள் தன் விரலைப் பார்த்தபடி நின்றாள். பிறகு பையிலிருந்த கிரீமில் ஒரு துளி எடுத்துச் சுத்தமான தண்ணீரில் கலக்கி வைத்தாள். இருநூற்றைம்பது என்றது கருவி.

அடிப்பாவி! ஊரையே தூசி தூசி என்று விரட்டியவள், மூன்று வாரமாகத் தன் விரலாலேயே குப்பி வாயில் பூசி வைத்திருக்கிறாள்.

மேலாளர் அறையில் தம்பி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

"இவர் மேல தப்பில்ல சார். என் கையில இருந்த கிரீம். அநியாயமா இவரைத் திட்டிட்டேன்," என்றாள்.

மேலாளர் கையிலிருந்த கடிதத்தைக் கீழே வைத்தார்.

"தெரியும்க்கா," என்றான் தம்பி, தலையைக் குனிந்தபடி. "முந்தாநாள் நீங்க கிரீம் கையோட விளிம்பைத் தடவுறப்போ பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் சொல்லல?"

"இப்பத்தான் புண்ணு ஆறுது. சொன்னா அந்த நிமிஷமே கிரீமை விட்டுடுவீங்க. அதை மட்டும் கணக்குல கழிக்க முடியுமான்னு தனியா எழுதிப் பார்த்தேன். முடியல."

"மூளை இருக்கா உங்களுக்கு? உள்ள இருக்கிறதைக் காட்டத்தானே மெஷினு? கையுறையைக் கழட்டாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

"இன்னைக்கு உங்க வேலை போயிருக்குமே தம்பி," என்றாள், குரல் இறங்கி.

"வேலை வேற கிடைக்கும்க்கா. கை வேற கிடைக்குமா?"

அதட்டியே பழகிய தூசியம்மா, மேலாளர் எதிரே இருக்கிறார் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டாள்.