அடிச்சட்டம்

இருவருமாகப் புதுப்பிக்கும் பழைய காரின் கதவை உப்புத்தாளால் தேய்ப்பது மனைவியின் பொறுப்பு. தையல் மெஷினை மூடிய கையோடு ஷெட்டுக்கு வந்துவிடுவாள். மகள் வீட்டு வாசலில் இந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற கணவருக்குக் காலையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அவள் கடைக்குப் போயிருந்தபோது வெல்டர் வந்து, வண்டிக்கு அடியில் படுத்து, துருவேறிய அடிச்சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார். நனைந்த அட்டையில் இறங்குவதுபோல் இறங்கியது.

“அண்ணே, அலங்காரமெல்லாம் ஜோர். எலும்புதான் இல்ல. எடைக்குப் போட்டுடுங்க.”

உப்புத்தாள் மலிவு என்று மேலேயிருந்து வேலையை ஆரம்பித்தவர்கள், இத்தனை நாளில் குனிந்து அடியில் பார்க்கவே இல்லை.

“ஏங்க, வெல்டர் வந்தாராமே, பக்கத்து வீட்டுல சொன்னாங்க. என்ன சொன்னாரு?”

“நீ தேய்ச்சது கண்ணாடி மாதிரி இருக்காம்.”

“அது எனக்கே தெரியும். பஸ்ஸே அதிர ரைட் ரைட்னு கத்துன வாயி, இப்ப ஏன் மென்னு முழுங்குது? வண்டி ஓடுமா, ஓடாதா?”

அவள் பக்கத்தில் தாளை நனைக்க வைத்திருந்த தண்ணீர் இன்னும் கலங்கவில்லை. அதை மாற்றப் போகிறவர்போல் வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் ஷெட்டை விட்டு வெளியே போனார்.