குப்பைத்தொட்டியில் ஒரு நாவல்

என் அக்கா பிறர் எழுதியதை டைப் அடித்தே காலத்தை ஓட்டியவள். அவள் பெயர் முதன்முறையாக அட்டையில் வரப்போகும் மொழிபெயர்ப்பு நாவலை அன்று மாலைக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அவளுடைய கிழட்டுக் கம்ப்யூட்டரோ, காலையில் திறந்ததிலிருந்தே மெமரியில் இடமில்லை என்று முரண்டு பிடித்தது. அக்கா எரிச்சலில் குளிக்கப் போனாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவளிடம் அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார். "எவ்ளோ எடம் காலி பண்ணியிருக்கேன் பாரு! உன் ஃபைல் எதையும் தொடல. ரீசைக்கிள் பின்ல கெடந்த குப்பையை மட்டும் மொத்தமா அழிச்சேன்."

அக்காவின் முகம் வெளுத்தது. "ஐயோ, நாவல் அதுலதாங்க இருந்துச்சு!"

கேட்டால் சிரிப்பீர்கள். தினமும் வேலை முடிந்ததும் அவளே நாவலை அந்தக் குப்பைத்தொட்டிக்குள் தள்ளிவிடுவாள். மறுநாள் மீட்டெடுத்துக்கொண்டு உட்காருவாள். வேறென்ன செய்வாள்? வெளியே வைத்தால், சினிமா ஏற்ற இடம் வேண்டும் என்று அத்தான் அழிப்பார். பென் டிரைவில் வைத்தால், காரில் பாட்டுக் கேட்க அதையும் துடைத்து எடுத்துப் போவார். மகராசன்!

"இரு, எங்கயாவது இருக்கும், தேடிப் பாக்கறேன்" என்று அவர் மவுஸைப் பிடித்தார்.

"கையை எடுங்க!"

அக்கா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. பாய்ந்துபோய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். அழித்த இடத்தில் வேறு ஏதாவது பதிந்துவிட்டால் நாவல் திரும்பவே திரும்பாது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூவரும் ரிப்பேர் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது.

"போயும் போயும் அதைக் குப்பையிலயா வைப்பாங்க?" அத்தான் மெதுவாகக் கேட்டார்.

"நம்ம வீட்ல நீங்க கை வைக்காத இடம் அது ஒண்ணுதான்னு நெனச்சேன்."

அத்தானுக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தியாயங்கள் ஒவ்வொன்றாக மீண்டன. கடைசி அத்தியாயம் மட்டும் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அக்கா அழவில்லை. "மூலப் புத்தகத்தை எடுத்துட்டு வாடி" என்று என்னை விரட்டினாள். கடைக்காரர், பாவம், தன் நாற்காலியையே விட்டுக்கொடுத்தார்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே கீபோர்டு படபடத்தது. புத்தகம் வரும்வரை பொறுக்காமல், நினைவிலிருந்தே ஆரம்பித்திருந்தாள். வாசற்படியில் அத்தான் உட்கார்ந்திருந்தார்.

"கடை இல்லையா?" என்று லேப்டாப்போடு வந்த ஒருவர் சத்தமாகக் கேட்டார்.

அத்தான் உதட்டில் விரல் வைத்தார். "உள்ள என் வீட்டுக்காரி எழுதிக்கிட்டிருக்கா. சத்தம் போடாதீங்க."

மாலைக்குள் நாவல் போய்ச் சேர்ந்தது. அத்தான் மேலிருந்த கோபத்தில் பாதி எனக்கு அந்த வாசற்படியிலேயே இறங்கிவிட்டது. மீதியை இன்னும் வைத்திருக்கிறேன்.